மிரியாமுக்காகக் காத்திருந்தவர்கள்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பெண்களுக்கென்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு விவிலிய வகுப்பு நடக்கும். அதை நடத்திவந்த கன்னியாஸ்திரி வவுனியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நான் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பங்குத் தந்தை பக்கத்தில் வந்து நின்றார்.

"இனி அந்த வகுப்பை நீங்கள்தான் பாக்கவேணும்," என்றார்.

எனக்குச் செருப்பு மறந்துபோனது. "ஃபாதர், நான் சைவமாப் பிறந்தனான். கலியாணத்துக்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தனான். எனக்கு ஒண்டும் தெரியாது."

"அதுதான் நல்லம். எல்லாம் தெரிஞ்ச ஆள் முன்னுக்கு இருந்தா மற்றவை வாய் திறக்கமாட்டினம்."

எல்லாம் தெரிந்த ஆள் என்று அவர் யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். என் கணவரின் அக்காவை, அதாவது என் மச்சாளை. எங்கள் கரையில் தவக்காலப் பாடுகளின் வாசகத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். வகுப்பு தன்னிடம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அன்று அவர் எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஃபாதர் சொன்னதைக் கேட்டார். நேரே வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

நான் பிறந்தது முரசுமோட்டையில். வயல் செய்கிற குடும்பம். மீள்குடியேற்றம் முடிந்து எல்லோரும் கூரை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து எங்கள் பக்கத்துக்குக் கட்டட வேலைக்கு வந்தவரை விரும்பிக் கட்டினேன். இப்போது அவர் தன் சொந்தப் படகில் தொழிலுக்குப் போகிறார். நான் பொது நூலகமொன்றில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை எங்களுக்கு. கலியாணமாகி வந்த முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெளியே மச்சாள் யாரோ உறவுக்காரியிடம் சொன்னார்: "சம்மனசுக்கும் சாத்தானுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தியைக் கொண்டுவந்திருக்கிறான்."

சம்மனசு என்றால் தேவதூதர் என்று அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது. பிறகு கணவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வசனம் பன்னிரண்டு வருசமாக எனக்குள் இருந்தது. எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை. மச்சாள் என்னை எட்ட நின்ற மரியாதையோடு "நீர்" என்று கூப்பிடுவார். நான் அவரை "நீங்கள்" என்பேன். கறி கொடுத்து வாங்குவோம். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த எட்டு மாதமும் ஆளுக்கு ஆள் மாறி நின்று பார்த்தோம். அவ்வளவுதான்.

வகுப்பு முன்பள்ளி மண்டபத்தில் நடந்தது. சிறு பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரைகளில் ஐந்து பெண்கள் முழங்கால் நாடியில் முட்ட இருப்போம். அவர்களில் இருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஒருவர் கடற்கரையில் மீன் காயப்போட்டு விற்கிறவர். நாங்கள் கருவாட்டு அக்கா என்போம். மற்றவர் அந்த முன்பள்ளியில் படிப்பிக்கிற ரீச்சர். நெடுங்கேணிப் பிள்ளை. வேலை கிடைத்து வந்து இங்கேயே ஓர் அறையெடுத்துத் தங்கியிருந்தார்.

கன்னியாஸ்திரி இருந்தபோது வகுப்பு தொடக்க நூலில் ஆரம்பித்துப் பக்கம் பக்கமாகப் போகும். மூன்று தரம் அப்படித் தொடங்கியிருக்கிறோம். மூன்று தரமும் பலிகளும் சட்டங்களும் வருகிற இடத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் வகுப்பே நின்றுபோகும். எனக்கு வேறு வழி தோன்றியது. நூலகத்துக்கு வருகிற பிள்ளைகள் புத்தகத்தின் பெயரைக் கேட்கமாட்டார்கள். "மிஸ், நுளம்பைப் பற்றி ஏதும் இருக்கோ?" என்றுதான் கேட்பார்கள். சுகாதாரத் தட்டில் டெங்கு பற்றி ஒன்று, விலங்கியல் தட்டில் ஒன்று, பழைய பத்திரிகைக் கட்டில் ஒன்று என்று நான் எடுத்துக் கொடுப்பேன். விவிலியத்தையும் அப்படி ஒரு விசயத்தை எடுத்துக்கொண்டு படித்தால் என்ன என்று யோசித்தேன். பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கினேன். முதல் தலைப்பு 'பயம்' என்று எழுதினேன். பயமில்லாத ஆட்கள் எங்கள் ஊரில் இல்லை என்பதால் அது எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்தேன்.

கைபேசியில் 'அஞ்சாதே' என்று போட்டுத் தேடினேன். வந்ததையெல்லாம் கொப்பியில் எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். ஞாயிறு போய் ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினேன். எசாயாவில் ஒன்று, திருப்பாடலில் ஒன்று, லூக்காவில் ஒன்று. இருபதைத் தாண்டும்போது ரீச்சர் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார். முப்பதாவதில் கருவாட்டு அக்காவின் தலை மார்பில் விழுந்தது. ரீச்சர் அவரைத் தட்டினார்.

"நான் நித்திரை இல்லை," என்றார் அக்கா. "முப்பது தரம் பயப்படாத, பயப்படாத எண்டா ஒரு ஆளுக்கு என்ன வரும்? எனக்கு இப்பதான் பயம் வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஃபாதரிடம் போய் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

என் கணவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார். "என்ன நடந்தது?"

சொன்னேன்.

"ஆர் ஆருக்குப் பயப்படாத எண்டு சொன்னது? என்னத்துக்குப் பயந்தவை? அதைச் சொன்னனீரோ?"

"இல்லை."

"பிறகென்ன? மீனைக் கொண்டுவராம செதிலை மட்டும் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறீர்."

அவர் சொன்னது சரி. நுளம்பைப் பற்றிக் கேட்கிற பிள்ளைக்கு நான் நுளம்பு என்ற சொல் வருகிற வரிகளை வெட்டியெடுத்துக் கொடுப்பதில்லை. புத்தகத்தைத்தான் கொடுக்கிறேன். சொல்லைத் தேடுவது வேறு, விசயத்தைத் தேடுவது வேறு என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த கிழமை தலைப்பை அவர்களிடமே கேட்டேன். கருவாட்டு அக்கா யோசிக்கவே இல்லை. "சாப்பாடு," என்றார். "ஆதியில இருந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கினம்."

அவர் பகிடியாகச் சொன்னார். நான் கொப்பியில் எழுதிவிட்டேன். இந்த முறை ஒரு கிழமைக்கு ஒரே ஒரு கதை. முழுக் கதையையும் முதலிலிருந்து முடிவுவரை வாசிப்பது. பிறகு மூன்று கேள்வி கேட்பது. யார் சமைத்தார்கள்? யார் சாப்பிட்டார்கள்? அதற்கு முதல் என்ன நடந்தது? இதைவிடப் பெரிய கேள்வி கேட்க எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் பிழையாய்ப் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

முதற் கதை ஆபிரகாமின் வீட்டுக்கு உச்சி வெயிலில் மூன்று பேர் வந்த கதை. அவர் ஓடிப்போய், கொஞ்சம் அப்பம் சாப்பிட்டுப் போங்கள் என்று கூப்பிடுகிறார். பிறகு கன்றுக்குட்டியையே அடித்துச் சமைக்கிறார்கள்.

"கொஞ்சம் எண்டு சொல்லிப்போட்டு இவ்வளவு செய்யிறார்," என்றார் ரீச்சர்.

"நாங்களும் அப்பிடித்தானே," என்றார் அக்கா. "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டு கூப்பிட்டு, சோறு தின்னாம விடுறமோ? ஆனா பாருங்கோ, ஓடினது அவர். மா குழைச்சது மனுசி. அவவைக் கூடாரத்துக்கு வெளியில ஒருத்தரும் கூப்பிடேல்லை."

இந்த வயதில் பிள்ளை பிறக்கும் என்று வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, ஆபிரகாமின் மனைவி சாரா கூடாரத்துக்குள் நின்று சிரித்ததைப் பற்றி அன்று ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கோயில் மணி அடித்த பிறகும் ஒருவரும் எழும்பவில்லை.

மூன்றாம் கிழமை எலியாவின் கதை. அரசிக்குப் பயந்து ஓடி, பாலை நிலத்தில் ஒரு செடியின் கீழ் இருந்து, எனக்கு இந்த உயிர் போதும் என்று சொல்லிப் படுத்துவிடுகிற இடம். ஒரு தூதர் வந்து தட்டி எழுப்புகிறார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுக்கிறார். தூதர் இரண்டாம் தரமும் வந்து தட்டுகிறார்.

வாசித்து முடித்தேன். யார் சமைத்தார்கள் என்று கேட்டேன். கருவாட்டு அக்கா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் இது நடந்தது. சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க. நான் ஒரு மரத்துக்குக் கீழ இருந்தனான். என்ர ஆக்கள் ஒருத்தரும் பக்கத்தில இல்லை. எழும்பவும் மனமில்லை, வரிசையில போய் நிக்கவும் மனமில்லை. ஒரு பொம்பிளை வந்து சோறும் பருப்பும் வைச்சிட்டுப் போனா. நான் தொடேல்லை. கொஞ்சத்தால திரும்பி வந்து, என்ர தோளில தட்டி, சாப்பிடு பிள்ளை எண்டா. ரெண்டாம் தரம். அப்பதான் சாப்பிட்டனான்."

"ஆர் அவ?" என்று ரீச்சர் கேட்டார்.

"இண்டைக்கும் தெரியாது. புத்தி ஒண்டும் சொல்லேல்லை. கடவுள் இருக்கிறார், கவலைப்படாத எண்டு ஒண்டும் சொல்லேல்லை. சோறு வைச்சா, போயிட்டா." அக்கா என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். "இதிலயும் அந்தத் தூதர் முதல்ல ஒரு புத்தியும் சொல்லேல்லை, கவனிச்சனியோ?"

நான் கவனித்திருக்கவில்லை. பயத்தைப் பற்றி முப்பது வசனம் தேடியபோது இந்தக் கதை எனக்கு அகப்படவே இல்லை. அதில் 'அஞ்சாதே' என்ற சொல் இல்லை. ஆனால் பயந்து ஓடின ஒருவனுக்கு என்ன செய்யவேண்டும் என்பது முழுவதும் அதில்தான் இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து, கொப்பியில் பயம் என்று எழுதியிருந்த பக்கத்தின் அடியில் எலியா என்று எழுதினேன்.

வகுப்பைப் பற்றிய கதை ஊருக்குள் பரவியது. ஐந்து பேர் எட்டுப் பேரானோம். ஒரு நாள் கணவர் வந்து, "அக்கா உம்மட வகுப்பைப் பற்றிக் கேட்டவ," என்றார்.

"என்ன கேட்டவ?"

"சாப்பாடு எண்டும் ஒரு தலைப்போ எண்டு கேட்டவ."

அந்த ஞாயிறு மச்சாள் வந்தார். நாங்கள் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்து வந்து, கடைசிக் குட்டிக் கதிரையில், தன்னுடைய பெரிய விவிலியத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அன்றைய கதை கரையில் நடந்தது. உயிர்த்த இயேசு விடியப்புறம் கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு, கடலில் ஒன்றும் படாமல் திரும்புகிற சீடர்களைக் கூப்பிடுகிற கதை. வாசிக்கும்போது என் குரல் இரண்டு இடத்தில் தடக்கியது.

யார் சமைத்தார்கள் என்ற கேள்விக்கு எல்லோரும் உற்சாகமாகப் பதில் சொன்னார்கள். தொழிலுக்குப் போய்வருகிற ஆண்களுக்குக் கரையில் ஒருவர் சமைத்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்கள் கரைப் பெண்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதற்கு முதல் என்ன நடந்தது என்று கேட்டேன். இரவு முழுக்க வலை போட்டும் மீன் படவில்லை என்றார் ஒருவர்.

"அது இல்லை," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மச்சாள்.

எல்லோரும் திரும்பினோம்.

"கரி நெருப்பு எண்டிருக்கெல்லோ. அது இன்னொரு இடத்திலயும் வருது. பெரிய வெள்ளி வாசகத்தில. தலைமைக் குருவின்ர வீட்டு முற்றத்தில கரி நெருப்பு மூட்டிக் குளிர் காய்ஞ்சுகொண்டு நிக்கினம். பேதுருவும் நிக்கிறார். அந்த நெருப்புக்குப் பக்கத்தில நிண்டுதான் இயேசுவைத் தெரியாது எண்டு மூண்டு தரம் சொன்னவர்." மச்சாள் மடியிலிருந்த விவிலியத்தைத் தட்டினார். "இந்தக் கரையில அதே மாதிரி நெருப்பு. இங்கயும், என்னை நேசிக்கிறியோ எண்டு பேதுருவிட்ட மூண்டு தரம் கேள்வி. ஆனா முதல் சாப்பாடு. சாப்பிட்ட பிறகுதான் கேள்வி."

நான் இரண்டு இடத்தையும் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. என் பட்டியலில் அந்த முதல் நெருப்பு இல்லவே இல்லை. அங்கே யாரும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதால் நான் அதைச் சேர்க்கவில்லை. என்னைப் போலத் தேடி எடுப்பவளுக்கு அது அகப்படாது. ஒவ்வொரு வருசமும் தொடக்கம் முதல் முடிவுவரை வாசித்து மனதில் ஏற்றி வைத்திருக்கிற ஒருவருக்குத்தான் அது அகப்படும்.

"மச்சாள், இதை எழுதுறன். இன்னொரு தரம் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் சொன்னார். நான் எழுதினேன். அன்று எனக்குப் பொறாமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை என்ற ஆறுதல்.

அதன்பிறகு மச்சாள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. சாப்பாடு முடிந்ததும் அடுத்த தலைப்பை ரீச்சர் கேட்டார். "வேற ஊரில இருந்து வந்த பொம்பிளையளைப் பற்றிப் படிப்பமோ?" நெடுங்கேணியிலிருந்து வந்து தனியாக இருக்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு விருப்பம் வந்ததில் ஆச்சரியமில்லை. முரசுமோட்டையிலிருந்து வந்த எனக்கும் அது பிடித்திருந்தது.

பட்டியல் போட்டேன். ஆகார், சிப்போரா, ராகாபு, ரூத்து. இன்னும் இருக்கிறதா என்று தேடியபோது எண்ணிக்கை நூலில் ஓர் அதிகாரம் வந்தது. மோசே கூசு நாட்டுப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்திருக்கிறார். மோசேயின் அக்கா மிரியாம் அந்தப் பெண்ணைக் காரணம் காட்டித் தம்பிக்கு எதிராகக் கதைக்கிறார். அண்ணன் ஆரோனும் கூடக் கதைக்கிறார். மிரியாமின் உடம்பெல்லாம் தொழுநோய் வந்து வெளுக்கிறது.

வெளியூரிலிருந்து வந்த மனைவி. அவளைப் பிடிக்காத கணவரின் அக்கா. நான் கைபேசியை மூடி வைத்தேன். இதை வகுப்பில் வாசித்தால், மச்சாளைக் குத்திக் காட்டத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன் என்று எல்லோரும் நினைப்பார்கள். மச்சாளும் நினைப்பார். அந்த அதிகாரத்தைக் கொப்பியில் எழுதவில்லை.

ரூத்தின் கதையை நான்கு ஞாயிறு படித்தோம். தன் ஊரையும் சனத்தையும் விட்டுவிட்டு, கணவன் செத்த பிறகும் மாமியாரோடு வந்தவள். பிறத்தி ஊர் வயலில் கதிர் பொறுக்கினவள். வயல் அறுப்பென்றால் என்ன, உதிர்ந்த கதிரை ஏன் விடவேண்டும், பொறுக்குகிறவளுக்கு முதுகு எப்படி நோகும் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை இந்தக் கரையில் முதன்முறையாகக் கேட்கிறார்கள் என்று அன்று நினைத்தேன். நான்காம் ஞாயிறு முடியும்போது மச்சாள் பக்கத்திலிருந்தவரிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கட அம்மாவையும் இவ அப்பிடித்தான் பாத்தவ," என்றார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன்.

அடுத்த ஞாயிறு, இந்தத் தலைப்பு முடிந்துவிட்டது, இனி வேறு பார்ப்போம் என்றேன்.

"முடியேல்லை," என்றார் மச்சாள். "ஒண்டை விட்டிட்டீர்."

அவர் தன் விவிலியத்தைத் திறந்தார். குருத்தோலைத் துண்டொன்று அடையாளத்துக்கு வைத்திருந்தார். எண்ணிக்கை நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை, கோயிலில் வாசகம் வாசிக்கிற அதே குரலில், ஒரு சொல்லும் விழுங்காமல் வாசித்தார். மிரியாம் கதைத்ததை வாசித்தார். நோய் வந்ததை வாசித்தார். மோசே தன் அக்காவுக்காகக் கத்தி மன்றாடியதை வாசித்தார். பாலைவழியே பயணம் போகிற சனம் தங்கியிருந்த பாளயத்துக்கு வெளியே மிரியாமை ஏழு நாள் வைத்ததை வாசித்தார். கடைசி வரிகளுக்கு வந்ததும் கொஞ்சம் மெதுவாக வாசித்துப் புத்தகத்தை மூடினார்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அந்த நத்தாருக்கு நான் சொன்னது உமக்குக் கேட்டதெண்டு எனக்குத் தெரியும்," என்றார் மச்சாள். "நீர் குசினிக்குள்ள தேங்காய் துருவிக்கொண்டு நிண்டனீர். நான் சொல்லி முடிய, துருவுற சத்தம் நிண்டது."

பன்னிரண்டு வருசமாக அவருக்கும் அது தெரிந்தே இருந்திருக்கிறது.

"ஓம் மச்சாள். கேட்டது," என்றேன்.

"அது பிழை. சொன்ன அண்டைக்கே பிழையெண்டு தெரியும். வந்து சொல்ல வாய் வரேல்லை."

எனக்குக் கண் நிறைந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று தேடினேன். வந்தது இதுதான்: "எனக்கு அப்ப உண்மையாவே சம்மனசு எண்டா ஆரெண்டு தெரியாது, மச்சாள்."

முதலில் சிரித்தது கருவாட்டு அக்கா. பிறகு மச்சாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மற்றவர்களுக்குக் கதை முழுவதும் விளங்காவிட்டாலும் அவர்களும் சிரித்தார்கள்.

வகுப்பு அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ரீச்சர் படிப்பிக்கிற பிள்ளையல்லவா, கதையை விடவில்லை. "அந்தக் கூசு நாட்டுப் பொம்பிளை இதில ஒரு வார்த்தையும் கதைக்கேல்லை. பெயர்கூட இல்லை. ஏழு நாளும் அவ என்ன செய்திருப்பா?"

"தன்ர வேலையைப் பாத்திருப்பா," என்றார் ஒருவர்.

"தன்ர மச்சாளுக்குச் சாப்பாடு குடுத்தனுப்பியிருப்பா," என்றார் கருவாட்டு அக்கா.

"அது எழுதியில்லை," என்றார் மச்சாள், பழைய கண்டிப்போடு. "எழுதியிருக்கிறதைப் பாருங்கோ. அவ திரும்பி வரும்வரைக்கும் சனம் புறப்படேல்லை. அவ்வளவு பேரும், ஆடு மாடு கூடாரம் எல்லாத்தோடயும், பிழை செய்த ஒருத்திக்காக ஏழு நாள் அந்த இடத்திலயே நிண்டிருக்கினம். எங்களுக்குச் சின்னனில நோய் வந்ததைத்தான் சொல்லித் தந்தவை. வாயைக் கட்டாட்டி இப்பிடித்தான் வரும் எண்டு. காத்திருந்ததை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நானும் இவ்வளவு காலம் வாசிச்சும் பாக்கேல்லை. வந்த பொம்பிளையள் எண்டு தேடப் போய்த்தான் கண்டனான்."

நான் மறைத்து வைத்த அதிகாரத்தை அவர் தானாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். தன் வீட்டில் தனியே இருந்து வாசித்திருக்கிறார். ஒரு கிழமை முழுக்க அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதையெல்லாம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தேன். மச்சாளும் என்னோடு கூட நடந்தார். சந்தியில் பிரியும்போது, "நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டாப் பிள்ளையை அனுப்பு. பாரை மீன் வாங்கி வைக்கிறன்," என்றார். அனுப்பும் என்று சொல்லவில்லை. அனுப்பு என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'நீ'தான்.

அந்த வருசம் ஐப்பசியில் கடல் குழம்பத் தொடங்கியபோது விதைப்பு என்ற தலைப்பை எடுத்தோம். இயேசு சொன்ன விதைக்கிறவர் உவமையை வாசித்ததும் கரைப் பெண்கள் ஒருவரும் அதை நம்பவில்லை.

"எந்த விசரன் விதையைக் கொண்டுபோய் வழியில போடுவான்?" என்றார் கருவாட்டு அக்கா. "கல்லில போடுறான், முள்ளுக்க போடுறான். நெல்லு என்ன விலை?"

நான் கையை ஆட்டிக் காட்டி விளங்கப்படுத்தினேன். சரிவரவில்லை. "உங்கட ஊரில இப்ப விதைக்கிறவையெல்லோ? போய்ப் பாப்பம்," என்றார் மச்சாள். பன்னிரண்டு வருசத்தில் என் பிறந்த வீட்டுக்கு அவர் வந்ததில்லை.

சனிக்கிழமை காலை பரந்தன் போகிற பஸ்ஸில் ஒன்பது பேரும் ஏறினோம். கருவாட்டு அக்கா எங்கள் வீட்டுக்கென்று ஒரு பொதி நெத்தலிக் கருவாடு கொண்டுவந்தார். பஸ் முழுவதும் மணத்தது. முரசுமோட்டையில் இறங்கி நடந்தபோது, முதல் மழை விழுந்து உழுத மண் ஈரமாகக் கிடந்தது. என் அண்ணா வயலில் நின்றார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் விதைநெல் கடகம். பெண்கள் வரம்பில் வரிசையாக நின்று பார்க்க, அவர் நடந்து நடந்து கையை வீசி விதைத்தார். நெல் விசிறி விழுந்தது. வயலிலும் விழுந்தது, நாங்கள் நின்ற வரம்பிலும் விழுந்தது. அண்ணா அந்தப் பக்கம் திரும்பமுன்னம் இரண்டு மைனா வந்து வரம்பில் இறங்கிவிட்டன.

"அண்ணை, எங்களுக்குப் பக்கத்திலயும் விழுகுதே!" என்று ரீச்சர் சத்தம் போட்டார்.

"வீச்சு விதைப்பெண்டா வரம்பிலயும் விழும்தானே, பிள்ளை," என்றார் அண்ணா. "ஓரத்தில விழக்கூடாதெண்டு கையைச் சுருக்கினா, ஓரத்து வயல் வெறுமையாப் போயிடும்."

மச்சாள் அதைக் கொப்பியில் எழுதச் சொன்னார். நான் வரம்பில் குந்தியிருந்து எழுதினேன். பிறகு அவரே செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கி ஒரு கை நெல் கேட்டு வாங்கி வீசினார். எல்லாம் ஒரே இடத்தில் குவியலாக விழுந்தது. அண்ணா சிரிக்காமல், "முதல் தரத்துக்குப் பிழையில்லை," என்றார். மச்சாள் இரண்டாம் கையும் கேட்டார்.

மத்தியானம் கிணற்றடி மாமரத்தின் கீழ் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். அண்ணி போட்ட சோற்றை யாரும் மிச்சம் வைக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அண்ணா கையைத் துடைத்துவிட்டு, "எங்கை, உங்கட புத்தகத்தில என்னதான் எழுதியிருக்கு? ஒருக்காக் காட்டுங்கோ," என்றார். மச்சாள் உவமையிருந்த பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அண்ணா கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி, சத்தமாக வாசித்தார். பறவை வந்த இடத்தில் தலையாட்டினார். முள் வந்த இடத்தில், "எங்களுக்குக் கோரை," என்றார். நல்ல நிலத்தில் விழுந்த விதை முப்பது மடங்கும் அறுபது மடங்கும் நூறு மடங்கும் கொடுத்தது என்ற இடத்தில் நிறுத்தினார். திரும்ப வாசித்தார்.

"முப்பது சரி," என்றார். "அறுபது, தண்ணி ஒழுங்கா வந்தா நல்ல வருசத்தில வரும்." கண்ணாடியைக் கழற்றி மச்சாளைப் பார்த்தார். "நூறெண்டா, அக்கா, அந்த விதைநெல் எங்க எடுக்கலாமெண்டு உங்கட ஃபாதரை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."